வெட்டிய மரத்தின் தூரை என்ன செய்வது?

மரம் வெட்டும்போது நம் கண்ணுக்குப் படுவது மேலே நடப்பது மட்டும்தான். கிளைகளை இறக்குவார்கள், தண்டைத் துண்டு போடுவார்கள், வண்டியில் ஏற்றுவார்கள், அரை நாளில் இடம் வெளிச்சமாகிவிடும். மிச்சம் நிற்பது அடிக்கட்டை. அது காலை இடறும், புல்வெட்டும் மெஷினின் பிளேடைப் பதம் பார்க்கும், ஒரு மழை பெய்தால் சுற்றிலும் துளிர்விட்டுப் புதராகிவிடும். மரத்தை வெட்டியதைவிட இந்தத் தூரை எடுப்பதுதான் பெரிய வேலை என்பது அப்போதுதான் உறைக்கும்.

எடுக்க நாலைந்து வழிகள் இருக்கின்றன. கையால் தோண்டலாம், மெஷின் வைத்து அரைக்கலாம், பொக்லைனால் பெயர்க்கலாம், துளை போட்டு மக்க விடலாம். எரிப்பவர்களும் உண்டு. இதில் எது நல்லது என்று கேட்டால், அந்த இடத்தில் அடுத்து என்ன வரப்போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். சுவரோ தளமோ வரப்போகிறது என்றால் கட்டையும் பெரிய வேர்களும் முழுதாக வெளியே வந்தாக வேண்டும். புல்தரை என்றால் தரைக்குக் கீழே அரை அடி போனால் போதும். செடி கொடி என்றால் ஒரு அடியாவது போக வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத மூலை என்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதும் ஒரு வழிதான்.

விட்டுவிடுவதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் மாலீ என்ற யூகலிப்டஸ் வகை மரங்களை அழித்து வயலாக்கியவர்கள் இந்தத் தூர்களோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போனார்கள். 1876-இல் ரிச்சர்ட் போயர் ஸ்மித் என்பவர் அங்கே ஒரு கலப்பை செய்தார். கட்டையில் முட்டியதும் கொழு தானாக மேலே எழும்பித் தாண்டிப் போய் மறுபடி மண்ணில் இறங்கும். தூரைப் பிடுங்காமலே விவசாயம் நடந்தது. உங்கள் முற்றத்துக்குக் கலப்பை தேவையில்லை. ஆனால் கட்டையை எடுத்தே ஆக வேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மரம் இன்னும் நின்றுகொண்டிருந்தால்

இந்தப் பகுதியை மரம் வெட்டுவதற்கு முன்பே படிப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தூரைக் கையால் எடுக்கப் போகிறீர்கள் என்றால் தரையோடு அறுக்கச் சொல்லாதீர்கள். மூன்று நான்கு அடி உயரம் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அந்த உயரம்தான் பிறகு உங்களுக்கு நெம்புகோல். கட்டையின் தலையைப் பிடித்துத் தள்ளும்போது அடியில் விழும் பலம், குட்டையான கட்டையைக் கடப்பாரையால் குத்திக் கிடைப்பதைவிடப் பல மடங்கு. மெஷின் வைத்து அரைப்பதாக இருந்தால் இதற்கு நேர்மாறாக, முடிந்தவரை தாழ்வாக அறுத்துவிட வேண்டும். மக்க விடுவதற்கும் தாழ்வாக இருப்பதே நல்லது.

மரம் வெட்ட முன் அனுமதி வாங்க வேண்டிய ஊர்கள் பல. மரம் உங்கள் நிலத்தில்தான் நிற்கிறது என்றாலும் எல்லையை ஒட்டியிருந்தால் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வேர் எல்லைக்கோடு பார்த்து வளராது.

என்ன மரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே பருமனில் இருக்கும் இரண்டு கட்டைகள் முற்றிலும் வேறுமாதிரி நடந்துகொள்ளும். வேம்பு, புளி, வாகை, முருங்கை, யூகலிப்டஸ் எல்லாம் வெட்ட வெட்டத் துளிர்ப்பவை. மேலே மரம் போய்விட்டாலும் வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. அதை வைத்துப் புதுக் கிளைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். சீமைக்கருவேலம் இன்னும் பிடிவாதம். அதன் மொட்டுகள் மண்ணுக்குள் இருக்கும் கழுத்துப் பகுதியில் ஒளிந்திருக்கும். தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாக வரும். மண்ணைத் தோண்டி, அரை அடியிலிருந்து ஒரு அடி ஆழத்தில் அந்தக் கழுத்தோடு சேர்த்து வெட்டினால்தான் அடங்கும். பைன் மரங்களில் பெரும்பாலானவையும் சவுக்கும் அந்த அளவுக்குத் துளிர்ப்பதில்லை.

தென்னை, பனை கதை தனி. அவற்றுக்கு உச்சியில் இருக்கும் ஒரே குருத்துதான் உயிர். அதை வெட்டியதும் மரம் முடிந்தது. தூர் ஒருநாளும் துளிர்க்காது. ஆணிவேரும் கிடையாது. சுண்டுவிரல் பருமனில் நூற்றுக்கணக்கான வேர்கள் மூட்டிலிருந்து நாலா பக்கமும் ஓடும், வயது ஏறினாலும் அவை பருப்பதில்லை. கூர்மையான கடப்பாரையும் மண்வெட்டியும் இருந்தால் வேர்களை வரிசையாக வெட்டிக்கொண்டே போகலாம். ஆனால் தென்னை மூட்டை மக்க விடும் எண்ணம் இருந்தால், பக்கத்தில் வேறு தென்னைகள் நிற்கின்றனவா என்று பாருங்கள். மக்கிக்கொண்டிருக்கும் தென்னைக் கட்டை காண்டாமிருக வண்டுக்குப் பிடித்த பிரசவ அறை. அங்கே பெருகும் வண்டு நேராகப் போய் உயிரோடு நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும். அங்கே தோண்டி எடுத்து அப்புறப்படுத்துவதுதான் சரி.

மரம் நோயால் செத்ததா என்பதும் முக்கியம். அடியில் விசிறி மாதிரிக் கெட்டியான காளான் வந்திருந்தால், வேரை அழுகச் செய்யும் கானோடெர்மா போன்ற பூஞ்சையாக இருக்கலாம். அப்படிப்பட்ட தூர் மண்ணில் கிடக்கும்வரை பூஞ்சைக்குத் தீனி இருக்கிறது. பக்கத்து மரங்களின் வேருக்கும் அது போகும். நோய்கண்ட கட்டையை மக்க விடாதீர்கள்.

பால் வடியும் மரமா என்று கடைசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அரளி, கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அவற்றின் அருகே கோடாரி தூக்க வேண்டாம்.

மண்ணுக்குள் என்ன ஓடுகிறது?

இதைப் பார்க்காமல் ஒரு குத்துகூடக் குத்தாதீர்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கேபிள், கேஸ் லைன், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் தோட்டத்து மண்ணுக்கடியில்தான் இருக்கின்றன. வேர்கள் ஈரத்தைத் தேடிப் போகின்றவை. கசியும் கழிவுநீர்க் குழாயைச் சுற்றிக் கொத்தாகப் பின்னிக்கொண்டு கிடப்பது சாதாரணம். வீட்டு வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் மீட்டர் இருக்கும் இடத்திலிருந்தும் கழிவுநீர் மூடி இருக்கும் இடத்திலிருந்தும் கோடு இழுத்துப் பார்த்தாலே ஓரளவு பிடிபடும். நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் அடையாளம் காட்டித் தர ஆள் அனுப்பும் ஏற்பாடு சில நாடுகளில் உண்டு, இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சந்தேகம் இருக்கும் பக்கத்தில் கடப்பாரையைத் தூரப் போட்டுவிட்டுக் கைக்கொத்தால் மெதுவாகப் பறிக்கவும்.

கட்டை வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தால் இன்னொரு சிக்கல். களிமண் நிலத்தில் பெரிய மரம் ஆண்டுக்கணக்காகத் தண்ணீரை உறிஞ்சி மண்ணைச் சுருக்கி வைத்திருக்கும். மரம் போனதும் ஈரம் திரும்பி மண் உப்பும், அஸ்திவாரம் அசையும். அந்த மாதிரி இடத்தில் தோண்டுவதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்பது உத்தமம்.

கையால் தோண்டி எடுப்பது

ஒரு சாண் விட்டமுள்ள கட்டை என்றால் ஒரு ஆள் தாராளமாக எடுக்கலாம். ஒரு அடி வரை பொறுமை இருந்தால் முடியும், துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது. ஒன்றரை அடியைத் தாண்டினால் மெஷின் அல்லது மக்க விடுவது என்ற பக்கம் போய்விடுவேன். முதுகுக்கு மாற்று உதிரிபாகம் கிடைக்காது.

கையில் வேண்டியவை: மண்வெட்டி, கடப்பாரை, குந்தாலி, கோடாரி, ஒரு கைரம்பம், தண்ணீர்க் குழாய். வேர் வெட்டும் கோடாரி பழையதாக இருக்கட்டும். மண்ணும் கல்லும் பட்டு அதன் வாய் மழுங்கப்போவது உறுதி, அதனால் புதுக் கோடாரியை இதற்கு எடுக்காதீர்கள். கனமான காலணி, கண்ணாடி, கையுறை கண்டிப்பாக வேண்டும்.

முதல்நாள் மாலையே கட்டையைச் சுற்றி நன்றாகத் தண்ணீர் விட்டு ஊறப் போடுங்கள். காலையில் மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. பிறகு கட்டையிலிருந்து ஒன்றரை இரண்டு அடி தள்ளி வட்டமாகப் பள்ளம் பறியுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் கட்டையை ஒட்டியே குறுகலாகத் தோண்டிவிட்டு, பிறகு கோடாரி வீச இடமில்லாமல் திண்டாடுவார்கள். பள்ளத்தில் ஒரு காலை வைத்து நின்று கோடாரியை வீச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அதிகமாகத் தோண்டியதாகத் தோன்றும், நடுவழியில் அதற்கு நன்றி சொல்வீர்கள். தோண்டிய மண்ணை ஒரே பக்கம் ஒரு தார்ப்பாயில் போட்டுவையுங்கள். திரும்பக் குழியை மூடும்போது சுலபமாக இருக்கும்.

மரங்களின் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டு அடிக்குள்ளேயே பக்கவாட்டில்தான் ஓடுகிறது. அதனால் பள்ளம் ஆழமாவதற்குள்ளேயே தடித்த வேர்கள் தட்டுப்படும். தட்டுப்பட்டதை உடனே வெட்டாதீர்கள். குழாயில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி வேரைச் சுற்றியுள்ள மண்ணைக் கழுவுங்கள். வேர் எங்கே போகிறது, எங்கே பிரிகிறது என்று தெரியும், ரம்பத்தின் பல்லும் பிழைக்கும்.

ஒவ்வொரு வேரையும் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும். முதலில் பள்ளத்தின் வெளி விளிம்பில், அப்புறம் கட்டையை ஒட்டி. நடுவில் இருக்கும் துண்டை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள். ஒரே ஒரு வெட்டோடு விட்டால், கட்டையை அசைக்கும்போது இரண்டு முனையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கட்டையை அசைய விடாது. பாதி வெட்டிய வேரை "இது போதும், இழுத்தால் அறுந்துவிடும்" என்று விடுவதும் வேண்டாம். நார் நாலு பிடித்திருந்தாலும் பச்சை வேர் அறுபடாது. கட்டைவிரல் பருமனுள்ளவற்றைக் கிளை வெட்டும் கத்திரியால் வெட்டலாம். மணிக்கட்டுப் பருமனுக்கு ரம்பம், அதற்கு மேல் கோடாரி. முன்னும் பின்னும் ஓடும் கை மின்ரம்பம் இருந்தால் இந்தக் கட்டம் பாதி நேரத்தில் முடிந்துவிடும். மண்பட்ட மரத்தை அறுக்கும் முரட்டு பிளேடாகப் பார்த்துப் போடுங்கள். செயின் ரம்பத்தை மட்டும் பள்ளத்துக்குள் இறக்காதீர்கள். ஒரு கைப்பிடி மண் பட்டாலே செயின் மழுங்கிப்போகும். அதைவிட மோசம், செயின் ஓடும் தகட்டின் நுனி வேரிலோ கல்லிலோ இடித்தால் மெஷின் முகத்தை நோக்கி எகிறி அடிக்கும்.

பக்கவேர்கள் எல்லாம் போனதும் கட்டையின் தலையைப் பிடித்து நாலு பக்கமும் தள்ளிப் பாருங்கள். ஆடத் தொடங்கிய பல் மாதிரிதான் இது; எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது என்று அசைவே சொல்லிவிடும். பிடித்திருக்கும் பக்கம் குனிந்து பார்த்தால், அடியில் சாய்வாகக் கீழே இறங்கும் வேர் ஒன்று கட்டாயம் இருக்கும். அந்தப் பக்கத்து மண்ணைக் கட்டைக்கு அடியிலேயே குடைந்து எடுத்து அதை வெட்டுங்கள். மறுபடி ஆட்டுங்கள், மறுபடி குடையுங்கள். இந்த வேலையில் அவசரம் உதவாது. ஆட்டம் இல்லாத கட்டையோடு மல்லுக்கட்டிக் கடப்பாரையை வளைப்பதைவிட, வெளியே வந்து பத்து நிமிடம் மண் பறிப்பது லாபம்.

ஆணிவேர் இருக்கும் மரமானால் அது கடைசியில் தனியாக நிற்கும். கட்டையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டால் எதிர்ப்பக்கத்தில் ஆணிவேர் இழுபட்டு விறைப்பாக நிற்கும். அந்த நிலையில் ரம்பம் சிக்காமல் அறுக்கும். பிறகு கடப்பாரையால் நெம்புங்கள். கடப்பாரைக்கு அடியில் ஒரு தடித்த மரத்துண்டை அண்டக்கொடுத்தால் பலம் கூடும், மண்ணிலும் அமிழாது. ஒருவர் நெம்ப, இன்னொருவர் தூக்கிய இடைவெளியில் கல்லோ மரத்துண்டோ திணித்துக்கொண்டே வர வேண்டும். தூக்கிய கட்டைக்கு அடியில் கையோ காலோ ஒரு நொடிகூட இருக்கக் கூடாது.

வெளியே எடுப்பதற்கு முன் எடையைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். பச்சை மரத்தின் எடை கிட்டத்தட்டத் தண்ணீரின் எடைதான். அரை மீட்டர் விட்டமும் அரை மீட்டர் உயரமும் உள்ள கட்டைத் துண்டு 100 கிலோவை நெருங்கும். வேரும் ஒட்டிய மண்ணும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டிப்போகும். அதைக் குழியிலிருந்து இருவர் குனிந்து தூக்குவது முதுகெலும்புக்குச் செய்யும் துரோகம். பள்ளத்தின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி, பலகை போட்டு, உருட்டி ஏற்றுங்கள். வேரில் ஒட்டிய மண்ணைக் குழிக்குள்ளேயே அடித்துக் கழுவிவிட்டால் எடையும் குறையும், குழியை மூட மண்ணும் மிஞ்சும்.

வண்டியில் கட்டி இழுக்கலாமா?

"ஜீப்பில் ஒரு சங்கிலி போட்டு இழுத்தால் வந்துவிடும்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். நான் வேண்டாம் என்பேன். நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீண்டு விசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கொக்கியோ கயிறோ அறுந்தால் அந்த விசை அத்தனையும் ஆளின் மேல் வரும். இரும்புக் கம்பி வடமும் அறுந்தால் சாட்டை மாதிரிச் சுழலும். டிராக்டரில் கட்டுவது இன்னும் ஆபத்து. பின் அச்சைவிட உயரமான இடத்தில் கட்டி இழுத்தால் கட்டை வராமல் டிராக்டரின் முன்சக்கரம் மேலே எழும்பும். ஒன்றரை வினாடியில் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும், ஓட்டுகிறவர் கிளட்சை மிதிக்கக்கூட நேரமிருக்காது.

இழுத்தே ஆக வேண்டிய கட்டம் என்றால், கையால் இயக்கி மெதுவாக இழுக்கும் கருவியான கை வின்ச் அல்லது செயின் பிளாக் பாதுகாப்பானது. ஒரு உறுதியான நங்கூரத்தில் அதைக் கட்டி, எல்லா வேரையும் வெட்டிய பிறகு, கட்டையின் தலைப்பக்கத்தில் நாடாப்பட்டை போட்டு மெதுவாக இழுங்கள். பக்கத்தில் நிற்கும் உயிருள்ள மரத்தை நங்கூரமாக வைத்தால் நாடாப்பட்டைக்கு அடியில் சாக்கோ மரத்துண்டோ கொடுங்கள், இல்லையென்றால் அதன் தோல் உரிந்துவிடும். வடத்தின் மேல் ஒரு கனமான சாக்கைப் போட்டு வைத்தால் அறுந்தாலும் பறக்காது. இழுக்கும் நேரத்தில் வடத்தின் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது.

மெஷின் வைத்து அரைப்பது

பெரிய கட்டைக்கு இதுதான் சுத்தமான வழி. ஸ்டம்ப் கிரைண்டர் என்பது சுழலும் சக்கரத்தில் கெட்டியான கார்பைடு பற்கள் பொருத்திய மெஷின். கட்டையைத் தரைக்குக் கீழே அரை அடியிலிருந்து ஒரு அடி ஆழம் வரை சீவித் தூளாக்கிவிடும். பக்கவேர்களை எடுக்காது, அவை மண்ணுக்குள்ளேயே மக்கும்.

ஆளை அமர்த்தினால் மூன்று விஷயம் முன்பே பேசிவிடுங்கள். எவ்வளவு ஆழம் அரைக்க வேண்டும், மெஷின் உங்கள் கேட்டுக்குள் நுழையுமா, தூளை யார் அள்ளுவது. கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அரைத்த தூள் கட்டையின் அளவைவிடப் பல மடங்கு பொங்கிக் குன்றாக நிற்கும்.

மெஷினை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவதானால், முதலில் சுற்றியுள்ள கல், ஆணி, வேலிக்கம்பி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். சக்கரத்தைக் கட்டையின் நடுவில் இறக்காமல் முன் விளிம்பில் வைத்து, ஓரிரு அங்குலமாக இடமும் வலமும் சீவிக்கொண்டே கட்டையின் மறு விளிம்பை நோக்கி நகர்த்துங்கள். சில்லு துப்பாக்கிக் குண்டு வேகத்தில் தெறிக்கும் என்று நினைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். ஜன்னல் பக்கம் ஒரு பலகை நிறுத்தி, குழந்தைகளையும் நாயையும் வீட்டுக்குள் அனுப்பிவிட வேண்டும். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி.

பொக்லைன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எந்தக் கட்டையையும் பெயர்த்துவிடும். கூடவே முற்றத்தில் பாதியையும் உழுதுவிடும், சக்கரம் போன தடத்தில் மண் இறுகி ஒரு வருடத்துக்குப் புல் முளைக்காது. வீடு கட்டும் முன் காலி மனையைச் சுத்தம் செய்யும்போது இது நல்ல தேர்வு, செடிகொடி உள்ள தோட்டத்துக்கு ஏற்றதல்ல.

மக்க விடுவது

காத்திருக்க முடிகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். மரத்தை மக்க வைப்பது பூஞ்சைகள். அவற்றுக்கு வேண்டியது மூன்று: ஈரம், காற்று, கொஞ்சம் நைட்ரஜன். மரத்தில் கார்பன் கொட்டிக் கிடக்கிறது, நைட்ரஜன் மிகக் குறைவு. அதைக் கொடுத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வேலை கொஞ்சம் விரைவாகும். கொஞ்சம்தான். "நான்கு வாரத்தில் கட்டை காணாமல் போகும்" என்று டப்பாவில் அச்சடித்ததை நம்ப வேண்டாம்.

முதலில் கட்டையைத் தரையளவுக்கு அறுங்கள். ஒரு அங்குலப் பருமனுள்ள துளைகளை மேற்பரப்பு முழுக்க ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாகப் போடுங்கள், எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் ஆழம் வரை. பக்கவாட்டிலிருந்தும் சில சாய்ந்த துளைகள் போட்டு மேல்துளைகளோடு சேர்த்தால் காற்றும் தண்ணீரும் உள்ளே போகும். துளைகளில் மக்கிய சாணமோ கம்போஸ்ட்டோ யூரியா போன்ற நைட்ரஜன் உரமோ போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே நாலு அங்குலம் மண்ணும் இலைச்சருகும் போட்டு மூடி, ஈரம் காயும்போதெல்லாம் நனைத்துவிடுங்கள். வெயிலில் காய்ந்து கிடக்கும் கட்டை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மூடி நனைத்த கட்டை சில மழைக்காலத்தில் இற்றுப்போய், மண்வெட்டியால் குத்தினாலே உதிரும். தேக்கு போல வைரம் பாய்ந்த மரங்கள் இதற்கும் அசைந்து கொடுக்க நெடுநாள் எடுக்கும்.

தூர் எடுக்கும் மருந்து என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு. அதுவும் பூஞ்சைக்கு நைட்ரஜன் கொடுக்கும் சரக்குதான், மாயம் ஒன்றும் இல்லை. தீயை ஊக்குவிக்கும் பொருள் என்பதால் நெருப்புக்கும் எண்ணெய்க்கும் தள்ளி வையுங்கள். கல்லுப்பு கொட்டுவது, அமிலம் ஊற்றுவது, பழைய எஞ்சின் ஆயில் ஊற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். மக்க வைக்கும் உயிர்களையே அவை கொன்றுவிடும், மண்ணும் பாழாகும், பிறகு அங்கே எதுவும் முளைக்காது.

வெட்டிய புதுக் கட்டையில் சிப்பிக்காளான் விதையைத் துளைகளில் திணித்து மூடுவதும் உண்டு. மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னினையே தின்னும் இனம் என்பதால் கட்டை வேகமாக இற்றுப்போகும், நடுவில் காளானும் கிடைக்கும். ரசாயனம் படாத கட்டையில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

வீட்டை ஒட்டிய கட்டையை மக்க விடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. மக்கும் மரத்தைத் தேடி முதலில் வருவது கரையான். கதவும் ஜன்னலும் மரமாக இருந்தால் அந்த விருந்தாளியைப் பக்கத்தில் குடிவைக்க வேண்டாம்.

துளிர்க்காமல் தடுப்பது

துளிர்க்கும் இனமாக இருந்து, நீங்கள் தோண்டாமல் விடுவதானால், இரண்டு வழி. மருந்து வேண்டாம் என்பவர்கள் வரும் துளிரை எல்லாம் விரல் நீளத்துக்குள்ளேயே ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இலை விரிந்தால் வேருக்குச் சாப்பாடு போகும். விரியாமல் பார்த்துக்கொண்டால் சேமிப்பு தீர்ந்து கட்டை சாகும். ஒரு மாதம் மறந்தால் மறுபடி முதலிலிருந்து.

மருந்து என்றால் கிளைபோசேட் அல்லது ட்ரைகுளோபைர் என்ற களைக்கொல்லி. இங்கே நேரம்தான் எல்லாம். மரத்தை அறுத்த சில நிமிடங்களுக்குள் தடவ வேண்டும். காய்ந்த வெட்டுவாய் மருந்தை உள்ளே இழுக்காது. பழைய கட்டையானால் மேலே ஒரு அங்குலம் புதிதாக அறுத்துவிட்டுத் தடவுங்கள். கட்டை முழுவதும் ஊற்றத் தேவையில்லை. நடுவில் இருக்கும் வைரம் ஏற்கெனவே செத்த மரம்தான். பட்டைக்கு உள்ளே இருக்கும் பச்சை வளையத்தில் தூரிகையால் சுற்றிலும் தடவினால் போதும். அளவும் பாதுகாப்பும் டப்பாவின் லேபிளில் உள்ளபடி. பக்கத்தில் அதே இன மரம் நின்றால் மருந்தே வேண்டாம். ஒரே இன மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டி வளர்வதுண்டு, கட்டைக்குப் போட்ட விஷம் அந்த வழியாக நல்ல மரத்துக்குப் போய்ச் சேரும்.

தீ வைப்பது

எரிப்பது சுலபம் என்று தோன்றும். பச்சைக் கட்டை எரியாது, கருகும். காய்ந்த கட்டை எரிந்தால் நெருப்பு வேர் வழியே மண்ணுக்குள் இறங்கி, மேலே அணைந்த பிறகும் நாட்கணக்கில் கனிந்துகொண்டே போய் வேறெங்காவது தலைகாட்டும். பல ஊர்களில் திறந்தவெளியில் எரிப்பதற்கே தடை உண்டு. பெட்ரோல் ஊற்றினால் அதன் ஆவிதான் முதலில் தீப்பிடித்து வெடிக்கும், கட்டை அப்படியே நிற்கும். அரளி மாதிரியான கட்டையின் புகையே நஞ்சு. வீடுகளுக்கு நடுவில் இதைச் செய்யாதீர்கள்.

குழியை மூடுவதும் மறுபடி நடுவதும்

தோண்டிய மண் குழியை நிரப்பப் போதாது, கட்டை இருந்த இடம் காலியாகிவிட்டது அல்லவா. வெளியிலிருந்து கொஞ்சம் மண் வேண்டியிருக்கும். ஒரேயடியாகக் கொட்டாமல் அரையடிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்து மிதித்துக்கொண்டே வாருங்கள். முடிவில் தரையைவிட இரண்டு மூன்று அங்குலம் மேடாக விடுங்கள், அமுங்கி மட்டமாகிவிடும்.

அரைத்த மரத்தூளைக் குழியில் போட்டு மூடி அதன்மேல் செடி வைப்பவர்கள் அதிகம். செடி மஞ்சளடித்து நின்றுவிடும். மண்ணில் கலந்த தூளை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அங்குள்ள நைட்ரஜனை முதலில் எடுத்துக்கொள்கின்றன, செடிக்கு மிஞ்சுவதில்லை. தூளை அள்ளி வெளியே எடுத்து மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்புங்கள்; மேலே கிடந்தால் அந்தத் தொல்லை இல்லை, ஈரமும் காக்கும். அடியில் தங்கிவிட்ட தூளுக்குக் கூடுதலாகத் தொழுவுரமோ நைட்ரஜன் உரமோ கொடுத்து ஈடுகட்டலாம்.

புது மரத்தை அதே குழியில் வைக்காமல் மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள், பழைய வேர்கள் அங்கே நெருக்கடி செய்யாது. நோயால் செத்த மரமானால் அதே இனத்தை அங்கே வைக்கவே வேண்டாம். தளமோ நடைபாதையோ போடுவதாக இருந்தால் கட்டைவிரலுக்கு மேல் தடித்த வேர்களையெல்லாம் அந்தப் பரப்பிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு மழைக்காலமாவது விட்டு மண் அமுங்கிய பிறகு கான்கிரீட் போடுங்கள். உள்ளே விட்ட வேர் மக்கும்போது அங்கே வெற்றிடம் உண்டாகும், மேலே விரிசல் விழும்.

கட்டையை எடுத்து மாதக்கணக்கான பிறகும் சில இனங்களில் தள்ளியிருக்கும் வேரிலிருந்து கன்றுகள் கிளம்பும். அவற்றை அரிவாளால் சீவினால் இரட்டிப்பாக வரும். மண் ஈரமாக இருக்கும்போது கன்றைப் பிடித்து, அது முளைத்த வேர்த்துண்டோடு சேர்த்து இழுத்தெடுங்கள். வராவிட்டால் அந்த இடத்தில் மட்டும் கைக்கொத்தால் பறித்து வேரை வெட்டிவிடுங்கள்.